உப்புக்கல்லுக்கு அடியில்

என் ஓரகத்தி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதை எழுதுவது எனக்குச் சுலபம்.

அவள் என் கொழுந்தனாரின் மனைவி. நான் சிலமலைக்கு மருமகளாக வந்து மூன்று வருடம் கழித்து வந்தாள். மூன்று வருடத்தில் நான் பேசிய பேச்சை அவள் மூன்று நாளில் பேசி முடித்தாள். எனக்குச் சிறு வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. பத்தாவது வரை படித்தேன். விடை தெரிந்தாலும் ஒருநாள்கூடக் கை தூக்கியதில்லை. அவள் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வளர்ந்தவள். அவளுடைய அண்ணன் அங்கே மேஸ்திரியாக இருந்தார். அதனால் அவள் பேச்சில் மலையாளம் கலந்து வரும். என்னை அக்கா என்று கூப்பிடாமல் 'சேச்சி' என்றாள். வீட்டில் எல்லோருக்கும் அது வேடிக்கையாக இருந்தது. என் வீட்டுக்காரர்கூட ஒருநாள், "சேச்சி, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்று என்னைக் கூப்பிட்டுச் சிரித்தார். கல்யாணமான பிறகு அவர் என்னிடம் விளையாட்டாகப் பேசிய முதல் பேச்சு அது. அதுவும் அவளிடம் இரவல் வாங்கியது.

எங்கள் வீட்டில் ஆடு பெண்களுடையது. நிலம், மாடு, கிணறு எல்லாம் ஆண்கள் பேரில் இருக்கும். மருமகள் பிறந்த வீட்டிலிருந்து ஓட்டி வருகிற பெட்டை ஆடுகளும் அதன் வம்சமும் அவளுக்கே சொந்தம். அடையாளத்துக்குக் காதில் வெட்டு உண்டு. என் ஆட்டுக்கு வலது காது நுனியில் ஒரு கொத்து. அவள் ஆட்டுக்கு இடது காதில் ஒரு கீறல். பகலில் எல்லாம் ஒன்றாக மேயும். பொழுது சாய்ந்தால் தாமாகவே பிரிந்து அவரவர் பட்டிக்குப் போகும். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பட்டியும் அடுத்தடுத்து, நடுவில் ஒரு முள்வேலி.

ஒவ்வொரு பட்டியிலும் ஒரு தட்டைக்கல் கிடக்கும். அதன்மேல் வாரம் ஒருமுறை உப்பைத் தூவுவோம், ஆடுகள் நக்கும். கல்லில் உப்பு தீர்ந்தாலும் விடாது. கல்லைச் சுற்றியுள்ள மண்ணையும் நக்கிக்கொண்டே இருக்கும். ஆடு ஈன்றதும் விழுகிற இளங்கொடியை, நாய் பார்ப்பதற்குள் எடுத்து அந்தக் கல்லுக்கு அடியில் புதைத்துவிட வேண்டும் என்பது எங்கள் மாமியார் வீட்டு வழக்கம். அப்படிச் செய்தால் பெருக்கம் பட்டியை விட்டுப் போகாது என்பார்கள். மற்ற வீடுகளில் இது உண்டா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த வழக்கம் இல்லாதிருந்தால் நான் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

என் அப்பா எனக்கு ஐந்து ஆடு கொடுத்தார். இந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல அந்த ஐந்துதான் இருந்தது.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, ஒரு கார்த்திகையில் மலையிலிருந்து ஒரு ஜீப்பு வந்து எங்கள் வாசலில் நின்றது. பின்னால் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஆடு உட்கார்ந்திருந்தது. அப்படி ஒரு ஆட்டை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. உடம்பு முழுக்க வெள்ளைக் கம்பளி. கண்ணே தெரியவில்லை. மலைக்குளிருக்குத் தாங்கும் என்று தோட்ட முதலாளி வடக்கே இமயமலைப் பக்கத்திலிருந்து நாலைந்து ஆடு வரவழைத்தாராம். பிறகு தோட்டம் கைமாறியபோது, சினையாக இருந்த ஒன்றை அவள் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார். அண்ணன் தங்கைக்கு அனுப்பிவிட்டார்.

தெருவே வந்து பார்த்தது. ஆட்டின் மேல் ஏலக்காய் வாசம் அடித்தது. கிழவர் ஒருவர் கம்பளிக்குள் கையை விட்டு, "ஏத்தா, இது ஆடா, மெத்தையா?" என்றார்.

"மெத்தைதான் தாத்தா. ஆனா குட்டி போடுற மெத்தை" என்றாள் என் ஓரகத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கூட்டத்தின் பின்னால் நின்று என் ஐந்து ஆடுகளை நினைத்துக்கொண்டேன். ஒட்டிய வயிறும் மொட்டை உடம்புமாக, மண்ணின் நிறத்தில், அவை மண்ணோடு மண்ணாக இருக்கும். அந்த வருடம் அவற்றில் இரண்டு குறைப்பிரசவமாகக் குட்டியை விசிறியிருந்தன. மீதி மூன்றும் ஒவ்வொரு குட்டி ஈன்றிருந்தன.

கம்பளி ஆடு தை மாதம் ஒரு விடியலில் ஈன்றது. இரட்டைக் குட்டி. "சேச்சி, வெரசா வா! ரெண்டு! ரெண்டு!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கத்தினாள். போய்ப் பார்த்தேன். இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. கொடி விழுந்ததும் அவள் அதை உப்புக்கல்லுக்கு அடியில் புதைத்தாள். ஆட்டுக்குக் கஞ்சி காய்ச்ச உள்ளே போனாள்.

நான் பட்டியில் தனியாக நின்றேன். மண் ஈரமாக, அவள் மூடியபடியே இருந்தது. யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். களைக்கொத்தால் கிளறி, அந்தக் கொடியை எடுத்துச் சாணிக்கூடையில் போட்டு, மேலே புழுக்கையைப் பரப்பிக்கொண்டு என் பட்டிக்கு வந்தேன். என் உப்புக்கல்லைப் புரட்டி அதற்கு அடியில் புதைத்தேன். பதற்றத்தில் ஆழமாகத் தோண்டவில்லை. கையை என் குட்டிகள் தண்ணீர் குடிக்கிற தொட்டியிலேயே கழுவினேன். அவளுடைய பெருக்கம் என் பட்டிக்கு வந்துவிட்டது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் அழும் சத்தம் கேட்டது.

"நாய் தோண்டிருச்சு சேச்சி. மண்ணெல்லாம் கிளறிக் கெடக்கு. மொத ஈத்துலயே ராசி போச்சே."

நான் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அழாத" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்குப் பேச வராது என்பது எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம் என் பட்டி செழித்தது. என் ஆடுகள் அந்த வருடம் ஈன்ற மூன்று குட்டிகளும் பெட்டை. வளர்ந்து அவையும் ஈன்றன. ஐந்து, பதின்மூன்று ஆயிற்று. அவளுடைய கம்பளி ஆட்டின் இரட்டைக் குட்டியோ இரண்டும் கிடா. ஒன்று கோயில் பொங்கலுக்குப் போயிற்று, இன்னொன்று போடிச் சந்தைக்குப் போயிற்று. மறு வருடம் அந்தக் கம்பளி ஆடு கல்தூணில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கம்பளியை உதிர்த்தது. கீழ்நாட்டு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மயிரைக் கத்தரித்துவிட்டார்கள். அப்படியும் தேய்ப்பது நிற்கவில்லை. நடை தள்ளாடி, ஒருநாள் வாய்க்காலில் விழுந்து செத்தது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அவளிடம் மிஞ்சியது சந்தையில் வாங்கிய நாட்டு ஆடுகள்தான்.

"சேச்சிக்குக் கைராசி" என்று அவள் வாயாலேயே சொன்னாள். அன்று இரண்டு கவளம் சோறு அதிகமாகச் சாப்பிட்டேன்.

அந்த மூன்று வருடமும் என் ஆடுகளுக்குள்ளே ஒரு சீக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பதை, பல வருடம் கழித்து அவளுடைய மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மகள் கால்நடை மருத்துவம் படித்தாள். என் மகன் பத்தாவதோடு ஏலக்காய்க் கடைக்கு வேலைக்குப் போனான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சீக்கு வாய் வழியாகத்தான் போகுமாம். கொடியிலும் ஈற்றுத் தண்ணீரிலும் அது நிறைய இருக்கும். மண்ணோடு ஒட்டிக்கொண்டால் வருடக்கணக்கில் சாகாது. சாவதற்கு அதற்கு உயிரே கிடையாது என்றாள் அந்தப் பெண். அது புழுவும் இல்லை, கிருமியும் இல்லை. உடம்பில் இயல்பாக இருக்கிற ஒரு புரதம்தான், தப்பாக மடிந்து போயிருக்கும். தப்பாக மடிந்தது ஒன்று உள்ளே போனால், நல்லதாக இருக்கிறதைத் தொட்டுத் தன்னை மாதிரியே மடித்துவிடும். அது இன்னொன்றை மடிக்கும். முதலில் குடலில், கடைசிப் பகுதியில், சுவரோடு இருக்கிற சின்னச் சின்ன நிணநீர்த் திட்டுகளில் போய்த் தங்கும். இளங்குட்டிக்கு அந்தத் திட்டுகள் பெரிதாக இருக்கும். அதனால் குட்டிக்குத்தான் சீக்கிரம் ஒட்டும். அங்கிருந்து குடலைச் சுற்றிய கணுக்களுக்கும் மண்ணீரலுக்கும் பரவும். பிறகு குடலில் ஓடுகிற நரம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக முதுகுத்தண்டுக்கும், பின்மூளைக்கும் ஏறும். மூளைக்குப் போய்ச் சேர வருடங்கள் ஆகும். அதுவரைக்கும் ஆடு மேயும், ஈனும், துள்ளும். காய்ச்சல் இருக்காது, வீக்கம் இருக்காது.

"உடம்பு எதுத்து நிக்காதா?" என்று கேட்டேன்.

"எதுக்காது பெரியம்மா. தன்னுடைய சொந்தப் பொருள்தானேன்னு விட்டுரும்" என்றாள்.



எண்பத்திரண்டில் அது என் ஆடுகளின் மூளைக்கு ஏறிவிட்டது. முதலில் அந்த மூன்று பெட்டைகளில் ஒன்று, வேலிக்கல்லில் பின்பக்கத்தைத் தேய்த்தது. வேப்பெண்ணெய் தடவினேன். பிறகு இரண்டாவது, மூன்றாவது. தேய்த்த இடம் புண்ணாயிற்று. தீனி குறையவில்லை, ஆனால் உடம்பு வற்றியது. ஒரு பாத்திரம் கீழே விழுந்தால்கூட நடுங்கும். ஓட விட்டால் பின்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரித் தாவி, பக்கவாட்டில் சாயும்.

அந்தக் கம்பளி ஆட்டுக்கும் இப்படித்தான் இருந்தது என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. வந்ததை உள்ளே விடவில்லை என்பதுதான் சரி. மாமியாரிடம் போய், "அத்தே, யாரோட கண்ணோ பட்டிருக்கு" என்றேன். யாருடைய கண் என்று நான் சொல்லவில்லை. என் பார்வை வேலிக்கு அந்தப் பக்கம் போனதை மாமியார் பார்த்தார். மிளகாயும் உப்பும் ஆடுகளைச் சுற்றி அடுப்பில் போட்டேன்.

போடியிலிருந்து ஆட்டு டாக்டரைக் கூட்டி வந்தவள் அவள்தான். கண் பட்டது என்று நான் சொன்னது தெரிந்தும் கூட்டி வந்தாள்.

"எப்ப இருந்தும்மா தேய்க்குது?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தீவாளிக்கு முன்னாடி இருந்தே சார்" என்றாள் அவள். "சேச்சி வாயில முத்து இருக்கு, விழுந்துரும்னு தொறக்காது. எங்கிட்டக் கேளுங்க."

டாக்டர் தோலைச் சுரண்டி எடுத்துப் போனார். சொறிப்பூச்சி இல்லை என்று இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். இந்த முறை ஆட்டின் வாலுக்கு மேலே முதுகில் விரலை வைத்துச் சொறிந்துவிட்டார். ஆடு தலையைத் தூக்கி, உதட்டைத் துடிக்கவிட்டு, காற்றை மெல்ல ஆரம்பித்தது. கையை எடுத்தால் நின்றது. வைத்தால் மறுபடியும் மென்றது.

"வெத்தலை போட்ட கெழவி மாதிரியில்ல மெல்லுது" என்றார் மாமியார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "இத நான் புத்தகத்துலதான் படிச்சிருக்கேன். நம்ம பக்கம் வந்ததாக் கேள்விப்படல. மூளைய அறுத்துப் பாக்காம உறுதியாச் சொல்ல முடியாது. வடக்க இருந்து ஆடு எதுவும் இங்க வந்துச்சா?"

எல்லோரும் அவளைப் பார்த்தோம். நானும் பார்த்தேன்.

"ஒண்ணு வந்துச்சு சார்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "அதுவும் இப்படித்தான் தேய்ச்சுச்சு. வெயிலுக்குன்னு நெனச்சோம்."

"அது ஈன்னப்போ விழுந்த கொடிய என்ன செஞ்சீங்க? இந்தச் சீக்கு அதுல இருந்துதான் மத்த ஆட்டுக்கு ஒட்டும்னு எழுதியிருக்கு. நக்குனாலே போதும்."

"எங்க உப்புக்கல்லுக்கு அடியில பொதைச்சேன். ஆனா பொதைச்ச கொஞ்ச நேரத்துலயே நாய் தோண்டித் தூக்கிட்டுப் போயிருச்சு. ராசி போச்சுன்னு அழுதேன் சார்."

"உங்க பட்டியில ஏதாவது தேய்க்குதா?"

"ஒண்ணுகூட இல்ல."

"ராசி போகலம்மா. அந்த நாய் உங்க பட்டியையே காப்பாத்தியிருக்கு. கண்டுபிடிச்சு ஒரு நேரம் கறிச்சோறு போடுங்க."

மாமியார் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரித்தார். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். என் காலுக்கு இரண்டடி தள்ளி அந்த உப்புக்கல் கிடந்தது.

"அப்ப இந்தப் பட்டிக்கு எப்படி வந்துச்சு?" என்று டாக்டர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். ஒன்றாக மேய்ந்ததால் இருக்கலாம் என்று அவரே பதிலும் சொன்னார். என் பட்டியில் இருந்ததையெல்லாம் அழித்துவிட வேண்டும், அந்த மண்ணில் சுண்ணாம்பைக் கொட்டி இனி ஆடு கட்டவே கூடாது என்றார். ஒரு தலையை அறுத்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார். அதற்குப் பதில் எதுவும் எங்கள் கைக்கு வரவில்லை. அவர் கடைசிவரை சந்தேகம் என்றுதான் சொன்னார்.

பதின்மூன்றும் ஒரே குழிக்குள் போயின. என் அப்பா ஓட்டிவந்த ஐந்தில் மிஞ்சியிருந்த இரண்டும் அதில் உண்டு. அவை தேய்க்கவில்லை, தள்ளாடவில்லை. என்னைப் பார்த்ததும் உப்பு என்று நினைத்துக் கையை நக்கின.

அன்று சாயங்காலம் மாமியார் தீர்ப்புச் சொன்னார்: "உன் வீட்டு ஆட்டாலதான மூத்தவ பட்டி அழிஞ்சது? உன்னுதுல அஞ்சு அவளுக்குப் போகணும்."

அவளிடம் இருந்ததே எட்டு. கொழுந்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் தடுத்துவிட்டாள். "அத்தே சொல்றது ஞாயந்தான். என்னாலதான் சேச்சிக்கு இப்படி ஆச்சு."

எனக்கு வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேச வராது என்பதால் அல்ல. எட்டில் ஐந்து போனால் அவளிடம் மூன்று. என்னிடம் ஐந்து. ராத்திரி முழுக்க அது ஒன்றுதான் மனதில் ஓடியது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் ஓடியது.

மறுநாள் காலையில் புளியமரத்துக்குக் கீழே எனக்குப் புதுப் பட்டி அடைத்தார்கள். அவள் ஐந்து பெட்டைகளை ஓட்டி வந்தாள். இருப்பதில் நல்லதாகத் தேர்ந்தெடுத்து ஓட்டி வந்திருந்தாள். சூரிக்கத்தியை என் கையில் கொடுத்து, முதல் ஆட்டின் கழுத்தை முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டாள். வலது காதில் என் வெட்டு விழுந்தால் அது என் ஆடு.

காதைப் பிடித்தேன். சூடாக, மெல்லிசாக இருந்தது. இடது காதில் அவளுடைய கீறல். கத்தியை வைத்தபோது அவள் ஆட்டின் காதோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் காது குத்தும்போது பேசுகிற மாதிரி.

"வெரசா வெட்டு சேச்சி. துள்ளுது பாரு."

"அந்த நாய் நான்தான்" என்றேன்.

"எந்த நாய்?"

"கொடியத் தோண்டுன நாய். எடுத்து என் கல்லுக்கடியில பொதைச்சேன். உன் பெருக்கம் எனக்கு வரணும்னு."

அவள் பிடி தளரவில்லை. ஆடு இரண்டு தடவை கத்தியது. அப்புறம்தான் முழங்காலை விரித்து அதை விட்டாள். அது போய் மற்ற நாலோடு நின்றது.

"அன்னிக்கு நான் அழுதேன். நீ தண்ணி கொண்டாந்து குடுத்த."

"ஆமா."

"அழாதன்னு சொன்ன."

"ஆமா."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். பேசத் தெரிந்தவள், தெரு கேட்கத் திட்டலாம். திட்டினால் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவள் என் கையிலிருந்து கத்தியை வாங்கி மடக்கி இடுப்பில் செருகினாள்.

"ஆட்ட நான் ஓட்டிட்டுப் போறேன்க்கா" என்றாள்.

அக்கா என்று என்னை அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மாமியாரிடம், "அக்கா வேணாம்னுருச்சு அத்தே, கொஞ்ச நாளைக்கு ஆடே வேணாமாம்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு அவள் மகள் படித்துவிட்டு வந்து அந்தச் சீக்கைப் பற்றி விளக்கிய அன்று, இந்தக் கதையை மகளுக்குச் சொன்னபோதும், "நல்லவேளை, ஒரு நாய் வந்து தூக்கிட்டுப் போச்சு" என்றே சொன்னாள். சொல்லிவிட்டு என் இலையில் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். என்னைப் பார்க்கவில்லை.

எங்களுக்குள் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. என் மகனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது அவள்தான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் என்னைச் சேச்சி என்று கூப்பிடவே இல்லை.

போன மாதம் மலையிலிருந்து காய் எடுக்கிற பெண் ஒருத்தி, என் ஓரகத்திக்குப் பழைய பழக்கம், ஒரு பை ஏலக்காயோடு வந்திருந்தாள். "உள்ள வா சேச்சி, கஞ்சி குடிச்சிட்டுப் போ" என்று என் ஓரகத்தி வாசலுக்கு ஓடினாள். நான் அடுப்படியில் இருந்தேன். அந்தப் பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும், பார்க்கவும் அப்படியொன்றும் பிரமாதமில்லை. அவள் கஞ்சி குடித்து முடிக்கிற வரைக்கும் நான் அந்தப் பக்கம் போகவில்லை.